இரண்டு மில்லிமீற்றர் நித்தியம்

பேராதனையில் கலஹா வீதி பிரிகிற இடத்துக்குக் கலஹா சந்தி என்றே பெயர். பல்கலைக்கழக வளவுக்கு நடுவே ஓடி, ஹந்தானை மலையின் அடிவாரத்தைத் தொட்டுக்கொண்டு, பிறகு தேயிலைக்குள் ஏறிவிடும் பாதை அது. மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்குப் பெரிய படிப்பும் பெரிய ஆஸ்பத்திரியும் இந்தப் பாதையின் முடிவில்தான் இருக்கின்றன. இலங்கையின் பல் வைத்தியக் கல்வி 1954-ல் கொழும்பிலிருந்து பேராதனைக்கு இடம் மாறியது. இன்றைய பல் வைத்தியசாலை ஜப்பான் கொடுத்த உதவியில் எழுந்து 1998-ல் திறக்கப்பட்டது. புத்தரின் பல்லைப் பேழைக்குள் வைத்துப் பூசிக்கும் கண்டி நகரத்துக்குப் பக்கத்திலேயே நாட்டின் பல் வைத்திய பீடமும் வந்து அமைந்ததை யாரும் திட்டமிடவில்லை. திட்டமிட்டிருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக அமைந்திருக்காது.

கீழ்த்தாடை முன்னுக்குத் தள்ளி, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சேராமல், கடிப்பதற்கும் பேசுவதற்கும் சிரமப்படும் பிள்ளையை வைத்தியரிடம் கூட்டிவரும் குடும்பம் எங்கேயும் ஒரே மாதிரித்தான் கேட்கும். வலிக்குமா, எத்தனை நாள் படுக்க வேண்டும், எப்போது சோறு சாப்பிடலாம். எழும்பிப் போகிற நேரத்தில்தான் பெரிய கேள்வி வரும்: “செஞ்சா அப்படியே நின்னுருமா, டொக்டர் ஐயா?”

கேட்பவருக்குத் தெரியாது, கண்டிச் சீமையின் இரண்டு பெரிய சமயங்கள் நூற்றாண்டுகளாக வாதாடி முடிக்காத கேள்வி அது. வைத்தியரிடம் அதற்கு ஒரு விடை இருக்கிறது. ஆனால் அந்த விடைக்குள்ளேயும் ஒரு தத்துவம் ஒளிந்திருக்கிறது. அதை வைத்தியர்களே பெரும்பாலும் கவனிப்பதில்லை.

முதலில் வேலையைச் சொல்லிவிடலாம். தாடை எலும்பைக் கணக்குப் பார்த்து வெட்டி, வேண்டிய இடத்துக்கு நகர்த்தி, டைட்டானியத் தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்துவதுதான் இந்தச் சிகிச்சை. கீழ்த்தாடையை இரு பக்கமும் நீளவாக்கில் பிளந்து நகர்த்தும் முறையை 1950-களில் சூரிச்சில் வளர்த்தவர் ஹூகோ ஒப்வெகேசர். மேல்தாடையை வெட்டும் கோட்டுக்கு ரெனே லெ ஃபோர் என்ற பிரெஞ்சு வைத்தியரின் பெயர். 1901-ல் அவர் பிணங்களின் மண்டையோடுகளை உடைத்துப் பார்த்து, முகம் எந்தெந்தக் கோட்டில் பிளக்கிறது என்று எழுதிவைத்தார். விபத்தில் முகம் உடைகிற வழியே பிறகு முகத்தைத் திருத்துகிற வழியும் ஆனது.

இந்த வரலாற்றின் தொடக்கத்தில் இருப்பது ஒரு தீக்காயம். 1849-ல் அமெரிக்காவின் அன்றைய வர்ஜீனியாவில், வீலிங் என்ற ஊரில், சைமன் ஹல்லிஹென் என்பவர் இருபது வயதுப் பெண்ணொருத்தியின் கீழ்த்தாடையை வெட்டித் திருத்தினார். அவள் பிறக்கும்போது தாடை கோணலாக இருக்கவில்லை. சிறு வயதில் கழுத்தும் மார்பும் வெந்து, ஆறிய தழும்பு சுருங்கி, வளர்ந்துகொண்டிருந்த தாடையை வருஷக் கணக்காகக் கீழே இழுத்திருக்கிறது. எலும்பு தோலுக்கு வளைந்து கொடுத்துவிட்டது. ஹல்லிஹென் எலும்பை மட்டும் வெட்டிவிட்டு நிற்கவில்லை. கழுத்துத் தழும்பையும் விடுவித்து அங்கே வேறு தோலை வைத்தார். இழுக்கிற கை அங்கேயே இருந்தால் தாடை மறுபடியும் இழுபடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எலும்பு கல் மாதிரி, தசை களிமண் மாதிரி என்று நாம் நினைக்கிறோம். முகத்தில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். நாக்கு, உதடு, மெல்லும் தசை ஆகியவற்றின் ஓயாத தள்ளலுக்கும் இழுவைக்கும் நடுவில் எலும்பு தன் இடத்தைத் தேடிக்கொள்கிறது. பெர்லினின் ஜூலியஸ் வுல்ஃப் 1892-ல் எலும்பு தன்மேல் ஏறும் பாரத்துக்கு ஏற்ப வடிவம் மாறும் என்று எழுதியதும் இதன் இன்னொரு பக்கம்தான்.

வெட்டி வைத்த தாடை எத்தனை காலம் நிற்கும்? இதை ஆண்டுக் கணக்காக அளந்தவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ப்ரொஃபிட்டும் அவரோடு இருந்தவர்களும். நிலைப்பின் வரிசை என்று ஒரு படிக்கட்டை 1996-ல் வெளியிட்டு, 2007-ல் புதுப்பித்தார்கள். மேல்தாடையை மேலே தூக்குவது, கீழ்த்தாடையை முன்னே கொண்டுவருவது, நாடியை நகர்த்துவது ஆகியவை மேற்படியில் நிற்கின்றன. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு மில்லிமீற்றருக்குள்தான் மாறும். மேல்தாடையை முன்னே நகர்த்தினால் ஐந்தில் நாலு பேருக்கு அப்படி நிற்கும். கீழ்த்தாடையைத் தனியே பின்னே தள்ளுவது, மேல்தாடையைக் கீழே இறக்குவது, மேல்தாடையை அகலமாக்குவது எல்லாம் கடைசிப் படி, இவை நழுவக்கூடியவை.

இவை முதல் வருஷக் கணக்குகள். முதல் வருஷம் முடிந்ததும் கதை திரும்புகிறது. கீழ்த்தாடை பின்தங்கியிருந்து முன்னே கொண்டுவரப்பட்டவர்கள்தான் முதல் வருஷத்தில் உறுதியானவர்கள். ஒன்றுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட வருஷங்களிலோ அவர்களில், முக்கியமாக முகம் நீண்டவர்களில், சிலருக்கு எலும்பு மாறத் தொடங்குகிறது. ஆரம்பத்தில் சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட மற்ற வகையினர், அதாவது கீழ்த்தாடை முன்தள்ளியிருந்தவர்கள், அந்தக் காலத்தில் அவர்களைவிட உறுதியாக நிற்கிறார்கள். எந்த நாளில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து உறுதி என்ற சொல்லுக்கே வேறு ஆள் சொந்தக்காரர் ஆகிவிடுகிறார். தாடை மூட்டின் குமிழே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகிற நிலையும் உண்டு. அது பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வருகிறது.

அந்த இரண்டு மில்லிமீற்றரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரண்டுக்குள் மாறினால் மாறவில்லை என்று எழுதுகிறார்கள். இது அளவையின் பிழை எவ்வளவு, கடியில் தெரிகிற வித்தியாசம் எவ்வளவு, பல்லுக் கம்பியால் ஈடுகட்டக்கூடியது எவ்வளவு என்றெல்லாம் யோசித்து மனிதர்கள் போட்டுக்கொண்ட எல்லை. எலும்பு இதை அறியாது. நிலைத்தது என்று அறிக்கையில் எழுதும்போது, மாற்றம் எமக்கு முக்கியமில்லாத அளவில் இருந்தது என்பதைத்தான் எழுதுகிறோம். நித்தியத்துக்கு இரண்டு மில்லிமீற்றர் அகலமுள்ள வாசலைத் திறந்து வைத்திருக்கிறது விஞ்ஞானம். இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

தலதா மாளிகையைச் சுற்றி வளர்ந்த பௌத்தம் இந்த இடத்தில் புன்னகைக்கும். உண்டான எதுவும் நிற்பதில்லை என்பது அதன் அரிச்சுவடி. வளர்ந்த மனிதனின் எலும்புக்கூட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு வருஷமும் கரைந்து புதிதாகிறது. பல் பதிந்திருக்கும் எலும்பு அதைவிட வேகமாக மாறுகிறது. வெட்டிச் சேர்த்த தாடையில் பத்து வருஷம் கழித்து, சேர்த்த அன்று இருந்த எலும்பு அதிகம் மிஞ்சாது. மாறாமல் இருப்பது டைட்டானியத் தகடு ஒன்றுதான். அந்தத் தாடை எலும்பில் உயிரில்லாத பொருளும் அதுதான்! மிலிந்த மன்னனுக்கு நாகசேன தேரர் சொன்ன விளக்கு உவமை இதற்கென்றே சொன்னது போலிருக்கிறது: முதல் யாமத்துச் சுடரும் கடைசி யாமத்துச் சுடரும் ஒன்றும் அல்ல, வேறும் அல்ல. திருத்திய தாடை நிற்கிறதா என்று கேட்டால், நிற்கவில்லை, தொடர்கிறது என்பார் நாகசேனர்.

இதைக் கேட்டதும் சிலர் ஒரு குறுக்குவழியில் ஓடிவிடுவார்கள்: எல்லாம் அநித்தியம் என்றால் எதற்காக வெட்டித் திருத்த வேண்டும்? இந்த வாதம் பார்வைக்கு ஆழமானது, உள்ளே சோம்பேறித்தனமானது. அநித்தியம் என்பது கோணலுக்கும் பொருந்தும். கோணல் மாறாதது என்று எடுத்துக்கொண்டு, திருத்தம் மாத்திரம் மாறும் என்று சொல்வது பௌத்தம் ஆகாது.

சைவசித்தாந்தம் வேறு பாதையில் வருகிறது. எல்லாம் கணத்துக்குக் கணம் அழிந்து பிறந்தால், வினை செய்தவன் ஒருவன், பயன் அனுபவிப்பவன் வேறொருவன் என்றாகுமே என்பது பௌத்தரைப் பார்த்துச் சைவர் கேட்கும் பழைய கேள்வி. 13-ம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தத்தின் நாலு பிரிவுகளையும் வரிசையாக நிறுத்தி மறுக்கிறார். தாடை மாறட்டும், அது மாயையின் காரியம். தாடையை உடைய உயிர் மாறாது. ஆனால் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அந்த மறுப்பு அல்ல. அதைவிட நுட்பமான ஒன்றை அருள்நந்தியின் குரு மெய்கண்டார் சொல்லி வைத்திருக்கிறார்.

சிவஞானபோதத்தில் பன்னிரண்டு சூத்திரங்கள். பதினோராவதில் உயிர் இறைவன் திருவடியை அடைந்துவிடுகிறது. கதை அங்கேயே முடிந்திருக்கலாம். மெய்கண்டார் முடிக்கவில்லை. பன்னிரண்டாவது ஒன்று வைத்து, உயிரைப் பற்றிய அழுக்காகிய மலத்தைக் கழுவு, அடியாரோடு சேர்ந்திரு, அவர் வேடத்தையும் ஆலயத்தையும் அரனாகவே தொழு என்கிறார். அடைந்தவனுக்கு எதற்கு இந்த ஏவல்? அடைந்த பிறகும் உடம்பு இருக்கும் வரைக்கும் மலத்தின் வாசனை இருக்கிறது. விட்டால் பழைய பாட்டைக்கே இழுக்கும். அதனால் முத்தனும் காவல் இல்லாமல் இருக்க முடியாது. திருத்தம் பொய்யல்ல, முழு உண்மை. ஆனால் உண்மையான திருத்தத்துக்கும் பராமரிப்பு வேண்டும். அறுவைக்குப் பிறகு ரப்பர் வளையம் மாட்டி, மாதக் கணக்கில் கம்பியை வைத்து, அதைக் கழற்றியதும் பற்களைப் பிடித்துவைக்கும் ரிட்டெய்னர் போடச் சொல்லும் பல் வைத்தியர் இந்தப் பன்னிரண்டாம் சூத்திரத்தைப் படித்திருக்க மாட்டார். அவர் செய்வது என்னவோ அதுதான். சியாட்டில் நகரில் ரொபர்ட் லிட்டிலும் கூட்டாளிகளும் பல் சீரமைப்பு முடித்தவர்களைப் பத்து, இருபது வருஷம் கழித்துப் பார்த்தார்கள். காவல் எடுக்கப்பட்ட கீழ் முன்பற்களில் பெரும்பாலானவை மீண்டும் நெருக்கியடித்து நின்றன.

கலஹாக்காரருக்கு இதைப் புரியவைக்க மெய்கண்டாரும் வேண்டாம், சியாட்டிலும் வேண்டாம். கலஹாவுக்கு அப்பால், தெல்தோட்டைப் பக்கத்து மலையில் லூல்கந்துர தோட்டம் இருக்கிறது. ஜேம்ஸ் டெய்லர் 1867-ல் 19 ஏக்கரில் இந்த நாட்டின் முதல் வணிகத் தேயிலையை நட்ட இடம். தேயிலை செடி அல்ல, மரம். இடுப்பளவில் அது நிற்பதற்குக் காரணம் வாரந்தோறும் கொழுந்தெடுக்கும் கைகளும், சில வருஷத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டும் கத்தியும். கைவிட்ட மலையில் போய்ப் பார்த்தால் அது தன் போக்கில் மரமாகியிருக்கும். நூற்றைம்பது வருஷமாக மலைநாடு பச்சைக் கம்பளமாக மாறாமல் இருக்கிறது என்று சுற்றுலாப் புத்தகங்கள் எழுதுகின்றன. மாறாமல் வைத்திருப்பவர்களை அந்தப் புத்தகங்கள் படத்தில் மட்டும் போடும்.

ஆண்டவன் கொடுத்த முகத்தை மாற்றலாமா என்ற தயக்கமும் உண்டு. தமிழ்ச் சைவ மரபு இதற்குப் பயந்ததாகத் தெரியவில்லை. கூன் பாண்டியனின் வெப்புநோயைத் தீர்த்த திருஞானசம்பந்தர் அவன் கூனையும் நிமிர்த்தினார் என்கிறது புராணம். அதன்பின் அவன் நின்றசீர் நெடுமாறன். (கூன் பிறகு திரும்பியதா என்று ஐந்து வருஷம் கழித்து யாரும் போய்ப் பார்க்கவில்லை.) கண்ணிழந்த சுந்தரருக்கோ பார்வை ஒரே தடவையில் திரும்பவில்லை, ஒரு கண் காஞ்சியில், மற்றது திருவாரூரில். தெல்தோட்டை முஸ்லிம்களைக் கேட்டால் அவர்களுக்கும் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா என்ற தோழர் வெள்ளியில் மூக்குச் செய்து வைத்துக்கொண்டார், அது நாற்றமெடுத்தது, நபிகள் நாயகம் பொன்னில் வைத்துக்கொள்ளச் சொன்னார் என்கிறது ஹதீஸ். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்ட மார்க்கத்தில், நிற்கக்கூடிய திருத்தத்துக்காக விலக்கு அளிக்கப்பட்டது. இடைஞ்சலை நீக்குவதும் அழகுக்காகப் படைப்பை மாற்றுவதும் ஒன்றல்ல என்று வாதிடும் அறிஞர்கள் இதை இன்றைக்கும் எடுத்துக்காட்டுவார்கள்.

தயக்கம் வரவேண்டிய இடம் வேறு. அதைக் காட்டியதும் இலங்கைதான்.

1980-களின் நடுவில் லண்டனின் கிரேட் ஒர்மண்ட் ஸ்ட்ரீட் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த மைக்கேல் மார்ஸ் தலைமையில் ஒரு குழு காலிக்கு வரத் தொடங்கியது. பிளந்த உதட்டையும் அண்ணத்தையும் தைப்பது வேலை. மேற்கு நாடுகளில் அந்தப் பிளவைக் குழந்தைப் பருவத்திலேயே தைத்துவிடுவார்கள். தைத்த பிள்ளைகள் பலருக்கு வளர வளர மேல்தாடை பின்தங்கி, முகத்தின் நடுப்பகுதி குழிந்துபோகும். இது பிளவின் கூடப்பிறந்த குறையா, தைத்ததால் வந்ததா என்று யாராலும் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. தைக்காத பெரியவர்களை அங்கே எங்கே தேடுவது? இலங்கையில் இருந்தார்கள். ஏழ்மையாலும் தூரத்தாலும் கத்தியே படாமல் வளர்ந்தவர்கள். மார்ஸும் வில்லியம் ஹூஸ்டனும் அவர்களின் முகங்களை அளந்து 1990-ல் எழுதினார்கள்: தைக்காதவர்களின் மேல்தாடை வளரும் ஆற்றலோடுதான் இருந்தது. குழிவுக்குப் பெரும் பங்கு அறுவையின் தழும்புடையது.

ஹல்லிஹெனின் தீக்காயம் இங்கே கருணையின் கையால் திரும்பி வருகிறது. பேச்சு வருவதற்காக, சாப்பாடு மூக்கால் வராமல் இருப்பதற்காக அண்ணத்தைத் தைக்கத்தான் வேண்டும். தைக்காமல் விடச் சொல்ல யாருக்கும் மனம் வராது. அந்தத் தழும்பு தாடையைப் பிடித்து வைக்கிறது. பதினெட்டு, இருபது வயதில் தாடையை வெட்டி முன்னே கொண்டுவரும்போது அதே தழும்பு பின்னே இழுக்கிறது. பிளவுள்ளவர்களுக்கு இந்தச் சிகிச்சை மற்றவர்களைவிட அதிகமாக நழுவுவதற்கு இது முக்கியக் காரணம். பழைய வினையை அனுபவித்துத் தீர்க்கிற செயலிலேயே புதிய வினை ஏறுகிறது என்று சைவசித்தாந்தம் சொல்லும். ஆகாமியம் என்பது அதற்குப் பெயர். தீவினை செய்தால்தான் ஆகாமியம் என்றில்லை, நல்வினையிலும் ஏறும். இந்தக் கோட்பாட்டுக்கு எக்ஸ்ரே படத்தில் சாட்சி கிடைத்தது காலியில்தான் என்று சொன்னால் மிகையாகாது.

அப்படியானால் தொடாமல் விடுவது உத்தமமா? அதற்கும் பதில் மலையிலிருந்தே வந்திருக்கிறது. 1970-ல் பல் ஆய்வாளர் ஹரால்ட் லேயின் குழு பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன், ஹெரோ தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் பல்லையும் ஈறையும் பார்க்கத் தொடங்கியது. அவர்கள் எந்தப் பல் வைத்தியமும் காணாதவர்கள். நோர்வேயில் ஒஸ்லோவின் படித்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நோக்கம். பதினைந்து வருஷத்தில் 8 வீதத்தினருக்குப் பல்லின் பிடிமானம் வேகமாக அழிந்தது, 81 வீதத்தினருக்கு நடுத்தரமாக. 11 வீதத்தினருக்கு அந்த அழிவு முன்னேறவே இல்லை. 2010-ல் மிஞ்சியவர்களில் 75 பேரை மறுபடி தேடிப் பார்த்தார்கள். ஒரு பல்லும் விழாதவர்களும் இருந்தார்கள், எல்லாம் விழுந்தவர்களும் இருந்தார்கள். உலகின் ஈறுநோய்ப் பாடப்புத்தகங்கள் எல்லாம் இந்த மலைத்தமிழரின் வாயைத்தான் மேற்கோள் காட்டுகின்றன. தொடாத தாடையும் நிற்கவில்லை. நின்ற 11 வீதத்தைப் பார்த்து ஊழ் என்று சொல்வதும் சுலபம். ஆனால் ஊழின் மீது பழியைப் போடுவதற்கு முன்னால், அந்த 480 பேரிடம் பல் வைத்தியமே வராமல் போனது யாருடைய வினை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இங்கேதான் நிலைப்பு என்ற கேள்வி தத்துவத்திலிருந்து பஸ் கட்டணத்துக்கு இறங்குகிறது. தாடை நிற்பது எலும்பின் குணம் மட்டுமல்ல என்றால், அதைச் சுற்றியுள்ளவற்றின் உறவும் கணக்கில் வர வேண்டும்: தசை, நாக்கு, தழும்பு, வளர்ச்சி முடிந்த வயது, தவறாமல் வருகிற கிளினிக் நாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு கேட்பதில்லை. ஆனால் மாதம் ஒரு நாள் பேராதனைக்கு வர வேண்டுமென்றால் தோட்டத்தில் அன்றைய பேர் விழாது, அன்றைய கூலி போய்விடும். நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்பதற்கே 2021 வரைக்கும் போராட வேண்டியிருந்த குடும்பத்தில், கம்பி இறுக்கவும் ரிட்டெய்னர் பார்க்கவும் இழக்கும் நாட்கள் சின்னக் கணக்கல்ல. ஒரே வைத்தியர், ஒரே வெட்டு, ஒரே தகடு. கண்டி டவுன் பிள்ளைக்கு நிற்கும் தாடை லயத்துப் பிள்ளைக்கு நழுவினால், அந்த மில்லிமீற்றர்களை எந்தப் படிக்கட்டில் எழுதுவது? அடியாரோடு சேர்ந்திரு என்று மெய்கண்டார் சொன்னதில், காவல் தனியாள் வேலை அல்ல என்ற ஒப்புதலும் இருக்கிறது.

ஆகவே “அப்படியே நின்னுருமா” என்பதற்கு ஆம் என்று மட்டும் சொல்லும் வைத்தியர் பாதி உண்மைதான் சொல்கிறார். எதையும் சொல்ல முடியாது என்பவர் அதுகூடச் சொல்லவில்லை. எந்தப் பக்கம் நகர்த்தப் போகிறோம், அந்த நகர்வு படிக்கட்டில் எங்கே நிற்கிறது, வளர்ச்சி முடிந்துவிட்டதா, தழும்பு ஏதும் இழுக்கிறதா, முதல் வருஷத்துக்குப் பிறகும் ஏன் வரவேண்டும், மூட்டு கரைகிற அறிகுறி என்ன, வர முடியாத மாதத்தில் யாரிடம் கேட்கலாம். இத்தனையையும் கத்தி எடுப்பதற்கு முன்னால், தமிழில், பிள்ளையிடமே சொல்ல வேண்டும். முகம் அவளுடையது, ரிட்டெய்னரை ஒவ்வொரு இரவும் போடப் போகிறவளும் அவள்தான்.